எழும்பாத டிஸ்க்கும் கிளிவெட்டிக் கலியாணமும்

கொம்பியூட்டர் திருத்தும் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: பழுதாகி வரும் எந்தச் சாமானையும் யாரும் எதுவும் செய்திருக்கமாட்டார்கள். "நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானா நிண்டுட்டுது" என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லும். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். சாமானைக் கொண்டுவந்து தருகிற பக்கத்தில் இருந்தால், நீங்களும் ஒருநாள் அதே வசனத்தைச் சொன்னவர்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் இந்த வசனத்தைத் தினமும் கேட்டது திருகோணமலையில், துறைமுகப் பக்கமாக இருந்த ஒரு சின்னக் கடையில். சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். கடை நவ்பர் நானாவுடையது. அவர் கிண்ணியாக்காரர்; அங்கே நானா என்றால் அண்ணன். வருகிறவர்களை இருத்திக் கதைப்பது அவர் பொறுப்பு, திருத்துவது என் பொறுப்பு. ஒரு பெண் திருகாணியைக் கையில் எடுப்பதையே அதிசயமாகப் பார்த்த ஊரில் அவர் என்னை நம்பி அந்த மேசையில் இருத்தியிருந்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கட்டை. ஆனால் ஒரு சாமானைக் கையில் எடுத்துவிட்டால் அது வேலை செய்யும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படி என் சோற்றைக் கெடுத்த ஒரு டிஸ்க்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

திருத்துகிற ஆள்

அந்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தவர் மணியம் அண்ணை. மூதூரில் ஸ்ரூடியோ வைத்து, சுற்றுவட்டாரக் கலியாணங்களையெல்லாம் வீடியோ எடுத்தவர். மூதூர்ச் சனம் எழும்பி ஓடியபோது அவரும் ஓடிவந்து, திருகோணமலையில் தங்கச்சி வீட்டில் இருந்தார். டிஸ்க் என்றால் கொம்பியூட்டருக்கு வெளியே வைத்துப் பாவிக்கிற வகை. ஒரு செங்கல் அளவு. அதற்கென்று தனியாக அடப்டர் குத்திக் கறண்ட் கொடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் அது பெரிய நாகரிகச் சாமான்.

அவருக்குப் பின்னால் சுதா வந்தாள். மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டிப் பெண், மெலிந்த உருவம், கண்ணில் மட்டும் ஒரு பிடிவாதம். அவளுக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து, தாலி கட்டி, லீவு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார். எந்த நாடு என்று சொல்லவேண்டாமென்று அவளே கேட்டிருக்கிறாள், ஆகவே விடுவோம். மனைவியைக் கூப்பிட அவர் அங்கே விண்ணப்பித்து, கொழும்பில் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. கலியாணப் பதிவுத் துண்டு மட்டும் போதாதாம். ஊர்கூடி உண்மையாக நடந்த கலியாணம்தானா என்று பார்க்க வீடியோவும் வேண்டுமாம்.

அல்பம் கிளிவெட்டி வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. சண்டையில் கிளிவெட்டிக்குப் போகிற பாதை மூடியிருந்தது. வீடியோ எடுத்த கசட்டை மணியம் அண்ணை வழக்கம்போல அடுத்த கலியாணத்துக்குத் திரும்பப் பாவித்துவிட்டார். வீட்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டிய டிவிடியை "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, பூப்போட வேணும்" என்று மாதக்கணக்காக இழுத்திருந்தார். மிஞ்சியது இந்த டிஸ்க் ஒன்றுதான். இதுவோ கொம்பியூட்டரைப் போடும்போது வருவதேயில்லை; உள்ளே எங்கோ இரண்டு தரம் தட்டிவிட்டுப் படுத்துவிடுகிறது. வீடியோ இல்லாமல் நேர்முகத்துக்குப் போனால் அவள் புருசனிடம் போய்ச் சேருவது எப்போதென்று ஒருவருக்கும் தெரியாது.

இவ்வளவையும் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் எடுத்தேன். மணியம் அண்ணை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் தோளுக்கு மேலால் உள்ளறைத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நவ்பர் நானாவிடம் திரும்பிக் கேட்டார்: "அதெல்லாம் சரி நானா, திருத்திற ஆள் எப்ப வருவார்?"

சுவரில் விட்டது

திருத்துகிற ஆள் வாயை மூடிக்கொண்டு டிஸ்க்கைக் குத்திப் பார்த்தாள். முன்பக்கத்தில் பச்சை லைட் எரிந்தது. 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. பிறகு ஒரு பெருமூச்சு, அமைதி. கொம்பியூட்டர் எழும்பி வந்தபோது டிஸ்க் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நான் டிஸ்க்கை விட்டுவிட்டு அடப்டரைத் திருப்பிப் பார்த்தேன். அது டிஸ்க்குக்குரியதே இல்லை. வயர் இல்லாத ரெலிபோனோடு வருகிற சின்ன அடப்டர்.

"பின் பொருந்துதே பிள்ளை, லைட்டும் பத்துது" என்றார் மணியம் அண்ணை. லைட் பற்றினால் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாதிப்பேராவது இருப்பீர்கள். லைட்டுக்கு ஒரு துளி கறண்ட் போதும். உள்ளே தட்டுச் சுற்றுவதற்குத்தான் நிறைய வேண்டும், அதிலும் முதலில் கிளம்புகிற நேரத்தில் அதிகம். ரெலிபோன் அடப்டர் அந்தப் பாரத்தை இழுக்கமாட்டாமல் விழுந்துகொண்டிருந்தது. குத்திக் குத்திப் பார்த்தால் ஏதோ ஒருநாள் இழுத்துவிடும். அதை வைத்துக்கொண்டு "நேற்று வந்தது" என்பார்கள்.

அந்த வருடங்களில் எங்கள் மேசைக்கு இப்படிப் பாதிச் சாமான்கள் வந்தபடி இருந்தன. டிவியை விட்டுவிட்டு ரிமோட்டோடு வந்தவர் இருந்தார். தையல் மெஷினின் தலையை மட்டும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர் இருந்தார். நான் அதையெல்லாம் மறந்து, எரிச்சலில், "இதின்ர சொந்த அடப்டர் எங்க அண்ணை?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். கடையின் பழைய பெட்டிக்குள், உடைந்த ஸ்கானர் ஒன்றின் அடப்டர், சரியான அளவில், கிடைத்தது. அதைக் குத்தினேன். டிஸ்க் முதல்தரமாக ஒரே சீராகச் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவர் பதில் சொன்னார்: "ஷெல் விழேக்க மேசையில இருந்ததைத் தூக்கினனான் பிள்ளை, சுவரில குத்தியிருக்கிறத ஆர் பாக்கிறது?"

பிளேன்ரீ வைத்தியம்

சரியான கறண்ட் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது என்று நானும் நம்பினேன். கொம்பியூட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். டிஸ்க் இல்லை. வயரைக் கழற்றிக் குத்தினால் ஒரு கணம் தலையைக் காட்டியது. மறுபடி போட்டால் இல்லை. சுதா கதிரை நுனியில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் டிஸ்க்கின் முகத்தைப் பார்த்தேன்.

மணியம் அண்ணையின் கொம்பியூட்டரும் டிஸ்க்கும் ஒரே பிளக்கில் இருந்ததாம். ஒரு சுவிட்சைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். என் மேசையிலும் அப்படித்தான். புதுக் கொம்பியூட்டர் துள்ளி எழும்பி, 'யார் யார் இருக்கிறீர்கள்?' என்று ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். கிழட்டு டிஸ்க் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். வந்து சேரும்போது கதவு பூட்டியாயிற்று. ஆகவே டிஸ்க்கை முதலில் போட்டு, அது முழு வேகம் எடுத்தபின்தான் கொம்பியூட்டரைப் போடவேண்டும். இதை நான் மணியம் அண்ணைக்கு விளக்கினேன். ஓம் ஓம் என்று கேட்டார். கேட்டுவிட்டு டிஸ்க்கைத் தட்டினார், கையை எடுக்காமலே கொம்பியூட்டரையும் தட்டினார். மூன்றாம் தரமும் அதையே செய்தபோது நான் திருகாணியை மேசையில் எறிந்தேன்.

கோபத்தில் இருக்கிற என்னைக் கையாளுவதற்கு நவ்பர் நானாவிடம் ஒரு வழி உண்டு. என்னோடு கதைக்கமாட்டார், எதிரில் இருப்பவரோடு கதைப்பார். மணியம் அண்ணையின் கையில் பால் விடாத தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துச் சொன்னார்: "நீங்க டிஸ்க்கப் போட்டுட்டு ஒரு பிளேன்ரீ குடிங்க, குடிச்சி முடிச்சி கோப்பையக் கழுவி வெச்சிட்டு மறுகா கொம்பியூட்டரப் போடுங்க."

நீலத் திரை

பிளேன்ரீ வைத்தியம் பலித்தது. டிஸ்க்கைக் கொம்பியூட்டர் கண்டுகொண்டது. கண்டுகொண்ட கையோடு திரை நீலமாகி நின்றது. டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சோதிக்கவேண்டும், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு பொத்தானை அமத்தவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் வாசித்து முடிக்குமுன் மணியம் அண்ணையின் விரல் பாய்ந்து வந்து அமத்திவிட்டது. சோதனை இல்லாமல் கொம்பியூட்டர் எழும்பியது. டிஸ்க்கைத் திறக்கப் போனால் வாசிக்க ஏலாது என்றது.

"உதை எப்பவும் அமத்துறதோ?" என்று கேட்டேன். எப்போதும்தானாம். அந்தச் சோதனை மணிக்கணக்காக ஓடுமாம், அதற்குள் கறண்ட் போய்விடுமாம், பிறகென்னத்துக்கு என்று தினமும் தாண்டிவிடுவாராம். பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் மெல்ல மெல்லக் கறந்தேன். வெடிச்சத்தம் கேட்டால் டிஸ்க்கின் வயரை அப்படியே இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடுவது அவர் வழக்கம். படம் வெட்டிக்கொண்டிருக்கும்போதும் பிடுங்கியிருக்கிறார். மூதூரில் இருந்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு போனால் போகட்டும், தொழில் கையில் இருக்கவேண்டும் என்று ஓடியவர். ஆனால் எழுதிக்கொண்டிருக்கிற டிஸ்க்கைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது குழம்பித்தான் போகும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சுதா, அவரை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "சாதகம் பாத்தம், நாள் பாத்தம், நேரம் பாத்தம். வீடியோக்காரரை மட்டும் பாக்கேல்லை, அக்கா."

சென்றியில்

அந்தச் சோதனையை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். அதற்கு முன்னால் டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பதுதான் முறை. அந்த அளவு டிஸ்க் எங்கள் ஊரிலேயே இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்க நாளும் இல்லை. எங்கள் கடைக்கோ நாளைக்கு எத்தனை தரம் கறண்ட் போகுமென்று கடவுளுக்குத்தான் தெரியும். கடையிலிருந்த பற்றரிப் பெட்டி, கறண்ட் போனபின் சில நிமிடம், கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்துவதற்கு மட்டும் காணும். நவ்பர் நானாவின் மச்சான் ஒருவர் துறைமுகக் கரையில் ஐஸ் பக்டரி வைத்திருந்தார். கடலுக்குப் போகத் தடை, மீன் இல்லை, ஐஸ் வாங்க ஆளுமில்லை. ஆனாலும் பெரிய ஜெனரேற்றர் இறுகிப்போகாமல் இருக்க இடைக்கிடை ஓட்டவேண்டும். அதை எங்களுக்காக ஒரு பகல் முழுவதும் ஓட்டுவதற்குச் சம்மதித்தார்.

கொம்பியூட்டரையும் டிஸ்க்கையும் ஓட்டோவில் ஏற்றி நாங்கள் நாலு பேரும் போனோம். வழியில் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. வயர் தொங்குகிற ஒரு கறுப்புப் பெட்டியை அந்த நாட்களில் ஆமிக்காரருக்குக் காட்டுவது எப்படியிருக்கும் என்று அதைக் கடந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு இளம் ஆமிக்காரர் டிஸ்க்கைத் தூக்கினார், திருப்பினார், காதோடு வைத்துக் குலுக்கினார். தேங்காய் வாங்குகிறவர் குலுக்குவாரே, அதே குலுக்கு. "ஐயோ குலுக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று விளங்கியது.

நவ்பர் நானா சிங்களத்தில் இறங்கினார். இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது, அந்தக் கலியாணம் முழுக்க இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, குலுக்கினால் மாப்பிள்ளை விழுந்துவிடுவார் என்று ஏதோ சொல்லியிருக்கவேண்டும். ஆமிக்காரர் சுதாவைப் பார்த்தார். அவள் கழுத்துத் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினாள். அவர் டிஸ்க்கை இரண்டு கையாலும் அவள் மடியில் வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கலியாணம் நல்லா பாரு. சாப்பாடு இருந்தா எனக்கும் கொண்டு வா."

ஐஸ் பக்டரியில்

டிஸ்க்கை முதலில் போட்டோம். காத்திருந்தோம். கொம்பியூட்டரைப் போட்டோம். நீலத் திரை வந்தது. மணியம் அண்ணை தன் ஒரு கையை மற்றக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுக்கு நல்ல மனிதர். சோதனை தொடங்கியது. நூற்றில் ஒன்று, இரண்டு என்று ஏறுகிற அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட நெல் முளைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வெளியே ஜெனரேற்றர் இரைந்தது. ஐஸ் இல்லாத ஐஸ் பக்டரிக்குள் புழுக்கம் தாங்க ஏலாமல் இருந்தது. சுதா திரைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தவள், சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. எத்தனை வீடு, எத்தனை வள்ளம், எத்தனை பேர் போயாயிற்று. இந்தப் பெண்ணின் கலியாணத்தையும் ஒரு வயர் கொண்டுபோக நான் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பாதி தாண்டியிருக்கும். திடீரென்று நிலம் ஒருதரம் தூக்கிப் போட்டது, யன்னல்கள் அதிர்ந்தன. துறைமுகத்துக்குள் நீந்தி வந்து கப்பலைத் தாக்குகிறவர்களுக்குப் பயந்து நேவி தண்ணீருக்குள் குண்டு போடுவது எங்களுக்குப் பழகிப்போன சத்தம். நவ்பர் நானா தலையைக்கூடத் தூக்கவில்லை. மூதூரிலிருந்து வந்த மணியம் அண்ணைக்கு அது பழக்கமில்லை. மனிதர் பாதி எழும்பிவிட்டார், கை நேரே டிஸ்க்கின் வயருக்குப் போய்விட்டது. நான் மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தேன், எட்டவில்லை. சுதா இரண்டு கையாலும் அவர் கையை மேசையோடு சேர்த்து அமத்திப் பிடித்தாள். பிடி தளரவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஓடுறதெண்டா நீங்கள் ஓடுங்கோ அண்ணை, டிஸ்க் இருக்கட்டும்."

கழிவு

சோதனை முடிந்தது. ஒருதரம் நிறுத்தி, முறைப்படி மறுபடி போட்டேன். கொம்பியூட்டர் எழும்பியபோது டிஸ்க்கும் தன்பாட்டில் எழும்பி அதனிடத்தில் வந்து நின்றது. நான் கைதட்டிவிட்டேன், வெட்கம் என்ன வெட்கம். மணியம் அண்ணை சுதாவின் கலியாணப் படத்தைத் தேடி அமத்தினார். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடிய நேரங்களில் திறந்திருந்தது அந்தப் படம்தான். அதனால் அதுதான் முழுதாக அழிந்திருந்தது. பூப்போட்டு, பாட்டுப் போட்டு, மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் சந்திரனுக்குள் இருத்தி அவர் மாதக்கணக்காகச் செய்த படம். எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது.

டிஸ்க்கின் மூலையில் 'கழிவு' என்று ஒரு பெயர் கிடந்தது. படத்தில் வேண்டாமென்று வெட்டி எறிந்த துண்டுகள். ஒருவரும் அதற்குப் பிறகு தொடாதபடியால் அத்தனையும் பழுதில்லாமல் இருந்தன. ஓடவிட்டோம். மாப்பிள்ளையின் அக்காவும் சுதாவின் மாமியும் யார் முன்னுக்கு நிற்பதென்று மணவறைக்குப் பக்கத்தில் சண்டை பிடித்தார்கள். ஓமப் புகையில் மாப்பிள்ளை தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார், சுதா கூறைத் தலைப்பால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஜெனரேற்றர் நின்றது. வீடியோ லைட் அணைந்தது. ஐயர் முகூர்த்தம் தவறக்கூடாதென்று கத்த, மேளம் முழங்க, குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஒரு நிழல் இன்னொரு நிழலின் கழுத்தடியில் குனிந்தது. கறண்ட் வந்ததும் "தம்பி, வீடியோவுக்கு இன்னொருக்காக் கட்டுங்கோ" என்று மணியம் அண்ணையின் குரல் கேட்டது. தாலி இரண்டுதரம் கட்டப்படாது என்று மாமி பாய்ந்தார். கடைசியில் மாப்பிள்ளை கழுத்துக்குப் பின்னால் சும்மா கையை வைத்துக் கட்டுவதுபோலக் காட்டினாராம். வெளிச்சத்தில் நடந்த அந்தச் 'சும்மா'க் கட்டு, அழிந்த படத்தோடு போய்விட்டது. இருட்டில் நடந்ததுதான் மிச்சம்.

மணியம் அண்ணை தலையில் கைவைத்துவிட்டார். இதை வெளியில் கொடுத்தால் இனி ஒருவரும் தன்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், தூதரகத்தில் சிரிப்பார்கள் என்றார். எனக்கும் பயம்தான். தாலி கட்டுவது தெரியாத கலியாண வீடியோவை எந்த அதிகாரி ஒத்துக்கொள்வார்? சுதா மட்டும் அந்த இருட்டுத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், கண்ணைத் துடைத்தாள். புருசனை அவள் பார்த்து எத்தனை மாதமென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். பிறகு அவள் எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அண்ணை, நீங்கள் எடுத்ததுக்குள்ள இதுதான் திறம். ஒண்டும் பூப்போடாமல் இதையே டிவிடியில போட்டுத் தாங்கோ."

கொழும்பிலிருந்து

நேர்முகம் நடந்த அன்று எங்கள் கடையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. மணியம் அண்ணை காலையிலேயே வந்து வாசல் கதிரையில் இருந்துவிட்டார். பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாரா நேராகப் பிடித்திருந்தாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பிரின்றரைக் கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். பின்னேரம் ரெலிபோன் அடித்தது. நவ்பர் நானா எடுத்து, கேட்டு, என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அக்கா, விசா தந்திட்டினம்" என்றாள் சுதா. பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். அதிகாரி ஒரு பொம்பிளையாம். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தாராம். வீடியோவைப் போட்டதும் அந்த அம்மா முதலில் நிறுத்தியது சண்டையில்தானாம். இவர்கள் யார், எதற்காக அடிபடுகிறார்கள் என்று கேட்க, சுதா ஒவ்வொருவராகப் பெயரும் முறையும் சொல்லி, யார் பிழை என்பதையும் விளக்கினாளாம். மொழிபெயர்த்தவருக்கே சிரிப்பு அடக்க ஏலாமல் போய்விட்டதாம். அடுத்து இருட்டுத் துண்டு வந்ததாம். அந்த அம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஒன்றும் தெரியவில்லையே, தாலி கட்டியது இந்த மனிதர்தான் என்று நான் எப்படி நம்புவது?" என்று கேட்டாராம். இங்கே மணியம் அண்ணை எழும்பி வந்து என் காதோடு தன் காதையும் வைத்துக்கொண்டார்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது அக்கா, உள்ளதைச் சொன்னனான்" என்றாள். "தாலி கட்டி முடியுற இடத்தில ஒரு தும்மல் கேக்குது, இன்னொருக்காப் போட்டுக் கேளுங்கோ, அந்தத் தும்மின மனிசனிட்டத்தான் என்னை அனுப்பச் சொல்லிக் கேக்கிறன் எண்டு சொன்னனான்."

அன்றிலிருந்து யார் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நான் முதலில் அவர்கள் வேண்டாமென்று எறிந்ததைத்தான் திறந்து பார்க்கிறேன், ஏனென்றால் நல்லதென்று நினைத்ததையெல்லாம் எங்கள் சனம் தொட்டுத் தொட்டே கெடுத்து வைத்திருக்கும்.